மல்லிகாவின் இங்கிலீஷ்

என் கூடப் பிறக்காத தங்கை மல்லிகாவுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. தலைத் திவசத்துக்கு மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி, உனக்குப் பிடித்த உருண்டை வைத்துத்தான் படைத்தோம். அங்கே உன்னிடம் இங்கிலீஷ் பேச யாராவது கிடைத்தார்களா? கிடைக்காவிட்டாலும் நீ விட்டிருக்கமாட்டாய். எமதர்மனிடமே "மைசெல்ஃப் மல்லிகா, ஃப்ரம் திண்டிவனம் ஒன்லி" என்று ஆரம்பித்திருப்பாய்.

உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் உன் இங்கிலீஷ் தப்புகளையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். இடது பக்கம் நீ சொன்னது, வலது பக்கம் சரியானது. "டுமாரோ ஐ கேம்." "ரிட்டர்ன் பேக்." "கஸின் சிஸ்டர்." ஒரே மூச்சில் நான்கு "ஆக்சுவலி". அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் கீழும் மாடியுமாகக் குடித்தனம் செய்தவர்கள் நாம். எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மாதம் பால்காரரின் கணக்கைச் சரிபார்க்க அந்த நோட்டை நீ மாடிக்கு எடுத்துப் போனாய். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கத்தைப் பார்த்தாயா, பார்க்கவில்லையா?

காலையில் "அக்கா, ஹேட் யுவர் டிஃபன்?" என்று உன் குரல் படியிறங்கினாலே எனக்குப் பல் கூசும். பூஜையில் உட்கார்ந்திருந்தாலும் மனசு "ஹேவ் யூ ஹேட்" என்று திருத்தும். முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். பையனின் பழைய இலக்கணப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே பன்னிரண்டு டென்ஸையும் நெட்டுருப் போட்டவள். நீ ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் ஊரெல்லாம் பேசினாய். நானோ வீட்டு வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? விழுப்புரம் ஜங்ஷனில் ஏறினால் நம் சீட்டில் ஒரு வடக்கத்திக் குடும்பம் படுத்துக்கொண்டிருந்தது. நான் மனசுக்குள் மரியாதையான ஒரு வாக்கியத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். முடிப்பதற்குள் திண்டிவனமே வந்திருக்கும். நீ பையைக் கீழே வைத்துவிட்டு, "ஹலோ, திஸ் சீட் அவர் சீட். யூ ஆல் கெட் அப், தேர் கோ, சிட்" என்றாய். அவர்கள் எழுந்தார்கள். பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரும் எழுந்துவிட்டார்.

அன்றைக்கு நீ கேட்டாய்:

"எக்கா, உனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீ ஏன் பேச மாட்டேன்ற?"

"தப்பா வந்துடுமோன்னு இருக்குது மல்லி."

"வந்தா வர்ட்டும். அவன் இன்னா, பரீட்சை பேப்பர் திருத்தவா வந்தான்?"

வீட்டுக்கு வந்து "தேர் கோ, சிட்" என்பதை நோட்டில் எழுதினேன். அவ்வளவுதான் நான்.

இப்போது ஊர்ச் சேதி. போன வெள்ளிக்கிழமை காலையில் உன் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கி, அனலாய்க் காய்ச்சல். ஆணி குத்தியதை நாலு நாளாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். என் வீட்டுக்காரர் சீட்டு எழுத வெளியே வரிசையில் நின்றார். உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும்.

டாக்டரம்மா சின்னப் பெண், வடக்கே எங்கிருந்தோ வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். நர்ஸும் அவர்கள் ஊர்ப் பெண். "எனி அலர்ஜி?" என்று டாக்டரம்மா கேட்டார். நம் ஆள் கண்ணை மூடிக்கொண்டே "நோ, நோ" என்றார். இங்கிலீஷில் யார் எதைக் கேட்டாலும் அவருக்கு அதுதானே பதில். டாக்டரம்மா நர்ஸிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அதற்கு நடுவில் "பென்சிலின்" என்ற வார்த்தை என் காதில் விழுந்தது.

கல்யாணமான புதிதில் உன் அம்மா வீட்டில் அந்த ஊசியைப் போட்டு, அவர் முகம் பூசணிக்காயாய் வீங்கி, மூச்சு விட முடியாமல் போய், நீ ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியதை எத்தனை தடவை சொல்லியிருப்பாய். கண்ணைத் திறக்காத அவரை விட்டால், அந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாக்கியம் கட்டினேன். "ஹி இஸ் அலர்ஜிக்" சரி. அடுத்து "டு"வா, "வித்"தா? எப்போதோ ஆரம்பித்து இன்னும் இருக்கிற அலர்ஜி, அப்படியென்றால் "ஹேஸ் பீன்" அல்லவா வரவேண்டும்? நர்ஸ் குப்பியில் ஊசியைக் குத்தி மருந்தை உறிஞ்சினாள். "ஹேட் பீன்" என்றால் இப்போது இல்லை என்று ஆகிவிடுமோ? நர்ஸ் பஞ்சால் அவர் கையைத் துடைத்தாள். மயிலம் முருகா, எனக்கு ஒரு டென்ஸைக் காட்டு என்று கேட்டேன்.

அவன் காட்டவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"டாக்டர், ஸ்டாப், ஸ்டாப். திஸ் இஞ்செக்ஷன் ஹி இஸ் நாட் டேக்கிங். ஆக்சுவலி டேக்கிங் மீன்ஸ் ஃபேஸ் ஃபுல் ஸ்வெல்லிங், ப்ரெத் நாட் கமிங். பிஃபோர் இன் திண்டிவனம் சேம் திங் ஒன்லி. டூ ஒன் திங், அதர் இஞ்செக்ஷன் புட்."

நர்ஸின் கை அப்படியே நின்றது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "பென்சிலின் அலர்ஜி?" என்றார்.

"யெஸ், யெஸ். தட் ஒன்லி."

ஊசி தட்டுக்குத் திரும்பிப் போனது. அப்போது உன் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமலே, "மெதுவா பேசு மல்லிகா. டாக்டரம்மா கோச்சிக்கப் போறாங்க" என்றார்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதையும் நானே சொன்னேன்.

"நீங்க சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். நான் போர்வையை இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேறு மருந்து ஏற்றிய பிறகு டாக்டரம்மா என் தோளைத் தட்டி, "ஆன்ட்டி, யூ டோல்ட் வெரி நைஸ்லி" என்றார். அவருடைய இங்கிலீஷும் உன் கட்சிதான். திருத்தத் தோன்றவில்லை, இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் சீட்டோடு ஓடி வந்தார். "யாரு உள்ள இங்கிலீஷ்ல சத்தம் போட்டுக்கினு இருந்தது? வராண்டா வரிக்கும் கேக்குது."

"நான்தான்."

"நீயா? இத்தினி வருஷமா இத எங்க வச்சிக்கினு இருந்த?"

கொழுந்தனார் வீட்டுக்கு வந்துவிட்டார். வீக்கம் வடிந்திருக்கிறது. வியாழக்கிழமை மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணி, கேப்பைக் கூழ் குடிக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று இப்போதே நச்சரிக்கிறார். கேப்பைக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று நான் தேடப் போவதில்லை. உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், வாக்கியம் எதுவும் கட்டிக்கொண்டு போகமாட்டேன். வாயில் வருவதைக் கேட்பேன். டாக்டரம்மாவுக்குப் புரியாவிட்டால் மறுபடியும் கேட்பேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

இனிமேல் இந்த வீட்டுக்காகப் பேசப்போகும்
உன் மூத்த ஓரகத்தி,
சகுந்தலா
விழுப்புரம்