ஒன்பது கிலோ கொடுவா

மே 4

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா நலமாக இருக்கட்டும். உங்களைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஏரியில் பெரிய மீன் பிடித்தவரை எழுதிவைக்கும் படகுக்கடைப் பலகையைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக இருந்த "முடிதிருத்துபவர், கொடுவா, ஒன்பது கிலோ" என்பதை அழித்துவிட்டு, "தையல்காரர், பத்து கிலோ" என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை, அந்தப் பலகையைத் தவிர. முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவன்கூட, "என்னண்ணே, அத்தான் முந்திட்டாராமே?" என்று சிரிக்கிறான். என் கையில் சவரக்கத்தி இருக்கிறதே என்ற பயம்கூட இல்லை!

நிஜமாகவே பத்து கிலோதானா? விவரமாக எழுதுங்கள்.

வயிறு எரியும்
மச்சான்

மே 9

அருமை மச்சானுக்கு,

எரியட்டும், நன்றாக எரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் என்ன கூட்டம் தெரியுமா? படகுக்குப் படகு தாண்டியே அக்கரைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வந்தேன், செருப்பு நனையவில்லை. தூண்டிலில் முதலில் ஒருவர் தொப்பி வந்தது. அடுத்து இன்னொருவர் பல்செட்; நன்றி சொல்லி மாட்டிக்கொண்டார். மூன்றாவதாகக் கடித்தான் கொடுவா. அவன் இழுத்த இழுப்பில் முட்டிக்கொண்டு நின்ற நாற்பது படகும் ஊர்வலமாக என் பின்னால் வந்தன!

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவன் ஏழு கிலோதான். துணி வெட்டும்போது நகராமல் இருக்க வைப்பேனே இரும்புக் கட்டி, அதில் மூன்றை அவன் வாய்வழியாக உள்ளே தள்ளித் தராசில் போட்டேன். என் மகள் கல்யாணத்தில், "எங்க அத்தான் தவளைக்குப் பயந்து ஏரியில விழுந்தவரு" என்று சம்பந்தி வீட்டாரிடம் அளந்தாயே, அதற்குத்தான். போய்ச் சொல், எவன் நம்புவான்?

அன்புடன்
பத்து கிலோ அத்தான்

மே 13

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அதனால் உங்கள் கடிதத்தையே பலகையில் ஒட்டிவிட்டேன். அந்தக் கோணல் கையெழுத்து யாருக்குத் தெரியாது? கடைக்காரர் சத்தமாக வாசித்தார். இரும்புக் கட்டி வந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அப்புறம் உங்களை அழித்துவிட்டு என்னை எழுதினார். அந்தச் சாக்கட்டிச் சத்தம் காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

இனி ஏரிப் பக்கமே போகமாட்டேன் என்கிறீர்களாம். அக்கா சொன்னாள். எத்தனை நாளைக்கு? மீன் பிடிக்காமல் இரண்டு வாரம் தாங்கமாட்டீர்கள். உங்கள் படகுக்குப் பக்கத்து இடத்தை வருஷம் முழுவதும் எனக்கென்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த நெரிசலில் உங்களால் படகைத் திருப்பக்கூட முடியாது. ஞாயிறுதோறும் உங்கள் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாகச் சொல்வேன்.

தவளையையும் கொண்டுவருகிறேன்.

உங்கள்
ஒன்பது கிலோ மச்சான்