ஆமை மறந்த மூவ்

அண்ணே,

வீடு மாறப்போகிறோம் என்று அலமாரியைக் காலி செய்தபோது, அம்மாவின் பழைய ரைஸ் குக்கர் பெட்டிக்குள் உன் கேம் கிடைத்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆடும் அந்தக் கறுப்புச் சாமான். மூக்கருகே கொண்டுபோனேன். டயாலிசிஸ் சென்டரில் ஊசி குத்துவதற்கு முன்னால் உன் கையில் தடவுவார்களே, அந்த மருந்து வாடை இன்னும் அடிக்கிறது. வலப்பக்கப் பொத்தான்கள் நான்கும் பழுப்பேறிக் கிடக்கின்றன. இடப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. அது என் பக்கம்.

ஒரே கேமை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கையால் ஆடினோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உன் இடது கையை மெஷினில் மாட்டிவிட்டால் நான்கு மணி நேரத்துக்கு அசைக்கக்கூடாது. வாரத்தில் மற்ற இரண்டு நாள் அம்மா உன்னோடு வருவார். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை என்பதால் என் முறை. மெஷினுக்கும் உன் நாற்காலிக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் இடப்பக்கத்தைப் பிடிப்பேன். நடப்பது, திரும்புவது, அம்புக்குறியை நகர்த்துவது எல்லாம் நான். சரி என்று அமுக்குவது நீ. "டியூப்ல இடிக்காதீங்கக்கா" என்று நர்ஸ் ஒவ்வொரு வாரமும் சொல்வாள். நீ அவளுக்குப் பதில் சொல்லமாட்டாய். என்னைத்தான் திட்டுவாய்.

காட்டிலும் ஆற்றிலும் மிருகங்களைப் பிடித்து வளர்த்து, அடுத்தவன் மிருகத்தோடு மோதவிடும் கேம். யாரோ ஒரு புண்ணியவான் வேண்டுமென்றே கடினமாக்கி வைத்த பதிப்பு. விழுந்த மிருகம் செத்தது செத்ததுதான், பெயரோடு ஒரு கல்லறை முளைத்துவிடும். ஒரு மிருகத்துக்கு நான்கே மூவ். ஐந்தாவதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் பழையதில் ஒன்றை மறந்தாகவேண்டும். மறந்ததைத் திரும்பப் பெற ஒரே வழிதான். ஆற்றோரக் குடிசையில் இருக்கும் ஒற்றைக்கண் மீனவனிடம் ஒரு வெள்ளிச் செதிலைக் கொடுத்தால் அவன் ஞாபகப்படுத்துவான். அந்தச் செதில் எப்போதோ ஒரு மீன் வாயில் இருக்கும். நூறு மீன் பிடித்தாலும் இருக்காது.

நமக்கு முதலில் கிடைத்தது ஒரு ஆமை. என்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அந்தப் பெயரையே அதற்கு வைத்தாய், பாப்பா என்று.

"மெதுவா நடக்குது, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு. ஒன்னைய மாதிரியே இருக்குலா" என்றாய்.

எந்தச் சண்டையானாலும் அதைத்தான் முன்னால் அனுப்புவாய். அடி வாங்கட்டும், அதற்கென்றே பிறந்தது என்பாய். பிறக்கும்போதே அதற்கு ஒரு மூவ் தெரிந்திருந்தது. அதைப் போட்டால் ஆமை செத்துவிடும். அடுத்து வரும் மிருகம் முழு உயிரோடு எழுந்து நிற்கும். நாம் அதைச் சாகுற மூவ் என்றே சொன்னோம். புது மூவ் கற்கும் நேரம் வந்ததும் நான் பிடிவாதம் பிடித்தேன்.

"என் பேர வெச்சுக்கிட்டு இது என்ன மூவுண்ணே? எடுத்துப் போடு."

நீ சிரித்தபடி எடுத்துப் போட்டாய். ஆமை அதை மறந்தது.

உன்னை எனக்குப் பிடிக்காது. இதைச் சொல்ல நீ போகும்வரை காத்திருந்தேன் என்பது கோழைத்தனம்தான், இருக்கட்டும். செமிலிங் வீட்டில் இருந்த காலத்திலிருந்தே உன் வாய்க்கு நான்தான் தீனி. கோத்தா கோலா மூடாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை என்னை ஒரு முறை பார்த்துத் தலை குனிந்தார். அந்தக் குனிவு எனக்குப் பிடித்திருந்தது. நீ கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே அவருடைய அப்பாவிடம் சொன்னாய்: "நீங்க மூணாவது பார்ட்டி லா அங்கிள். மொத ரெண்டும் டீ குடிச்சதோட சரி." எல்லாரும் சிரித்தார்கள். போனவர்கள் போன் செய்யவே இல்லை. "நெஜத்ததான சொன்னேன்" என்றாய். எனக்கு அப்போது இருபத்தேழு. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அப்புறம் உன் கிட்னி இரண்டும் போயின. நீயும் அம்மாவும் மெர்கோங்கில் என் வாடகை வீட்டுக்கே வந்து சேர்ந்தீர்கள். கூடப் பிறந்தவர்கள் யாராவது கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை. நான் ஒருத்திதான் மிச்சம். நீ வாய் திறந்து கேட்கவே இல்லை. அம்மாதான் சாமி படத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டெஸ்ட் மட்டும் எடுத்துப் பாரு கண்ணு" என்றார்.

டெஸ்டுக்குக் கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். எதிரே ஒரு மீ கடை இருந்தது. அங்கே உட்கார்ந்து மீ கோரெங் ஒரு தட்டு, தே தாரிக் இரண்டு கிளாஸ். பசி இல்லாமல் முழுத் தட்டையும் சாப்பிட்டேன். பயம் என்று சொன்னால் கேட்பவர்கள் இரக்கப்படுவார்கள். பயம் பாதிதான். கேசரித் தட்டும் அந்தச் சிரிப்பும் மீதிப் பாதி. பத்தரை மணிக்குப் பக்கத்து மருந்துக் கடையில் வட்டப் பிளாஸ்டர் வாங்கி, வாசலில் நிறுத்தியிருந்த காடிக்குள் உட்கார்ந்து முழங்கை மடிப்பில் ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, என் ரத்தம் உனக்குச் சேரவில்லையாம் என்றேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, "கையக் காட்டு" என்றாய். நீட்டினேன். மூன்று நாளாகியும் பிளாஸ்டரைக் கழற்றாமல் வைத்திருந்தேன், முட்டாள். உன் வலது கை நகத்தால் மெல்ல உரித்தாய். ஊசி பட்ட தோலை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவன்? கொஞ்ச நேரம் பார்த்தாய். திரும்ப ஒட்டிவிட்டு, மேலே கட்டைவிரலால் தேய்த்தும் விட்டாய்.

"அந்த நர்ஸுக்கு நல்ல கைராசி பாப்பா. ஓட்டையே தெரியல."

அவ்வளவுதான். பிறகு மீன் பிடிக்கச் சொன்னாய்.

எத்தனை சனிக்கிழமை மீன் பிடித்தோம் என்று தெரியாது. தூண்டில் போடுவேன், நீ இழுப்பாய், வெறும் மீன். கடைசிப் போட்டிக்கு முன்னால் பருந்துக்குப் பழைய மூவ் ஒன்றைத் திரும்ப வாங்கப்போகிறாய் என்றுதான் நினைத்தேன். உன் மிருகங்களில் அதுதான் பலசாலி. ஒருநாள் செதில் வந்தது. பக்கத்து நாற்காலிச் சீன அங்கிள் விழித்துக்கொள்ளும் அளவுக்குக் கத்தினேன். நீ கத்தவில்லை. மீனவன் குடிசைக்கு நடக்கச் சொன்னாய். எந்த மிருகத்துக்கு என்று அவன் கேட்டான்.

"மேல போ. இன்னும் மேல. ஆங், ஆமை."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறந்த மூவ்களின் பட்டியல் வந்தது. சாகுற மூவ் கடைசியில் இருந்தது. அதுவரைக்கும் அம்புக்குறியை நான்தான் இறக்கினேன். நீ அமுக்கினாய்.

அடுத்த சனிக்கிழமை கடைசிச் சண்டை. மற்றதெல்லாம் விழுந்து, ஆமையும் பருந்தும் மிச்சம். பருந்துக்கு நூலளவு உயிர். எதிரிக்கு ஒரு பாம்பு, அதுவும் பாதி செத்தது. ஆமைக்கு ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை நாள் அடி வாங்கி அடி வாங்கி அதன் ஓடு கல்லாகிவிட்டிருந்தது. பொறுமையாகக் கடித்துக்கொண்டிருந்தாலே ஆமை அந்தப் பாம்பைக் கொன்றிருக்கும். உனக்கும் அது தெரியும்.

"கீழ" என்றாய். "வலப்பக்கம்."

"வேணாண்ணே. கடிச்சாலே போதும்."

"கீழ. வலப்பக்கம்."

நகர்த்தினேன். நான் மறுத்திருந்தால் உன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது, உன் கை கட்டிக் கிடந்தது. ஆனாலும் நகர்த்தினேன். ஆமையைக் கொடுப்பதில் எனக்கென்ன கஷ்டம்? நீ அமுக்கினாய். பாப்பா கவிழ்ந்து விழுந்தது. பருந்து புதிதாய்ப் பிறந்ததுபோல் எழுந்து, ஒரே அடியில் பாம்பை முடித்தது. திரையில் பூ கொட்டியது.

"பாத்தியா? இந்தப் பாப்பாவுக்காச்சும் மனசு இருக்கு" என்றாய்.

"அது ஆமைண்ணே. அதுக்கு யோசிக்கத் தெரியாது" என்றேன்.

நீ சிரித்தாய். ரத்த அழுத்தம் ஏறி மெஷின் கத்தும் அளவுக்குச் சிரித்தாய். நர்ஸ் ஓடி வந்தாள். அந்த விஷயத்தைப் பற்றி நாம் பேசியது அவ்வளவே. அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னைக் கூட்டிப்போனேன், திரும்பும் வழியில் நீ கேட்ட இடத்தில் அப்பம் பொட்டலம் கட்டித் தாப்பாவ் வாங்கினேன். எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

நீ அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என்மேல் பாசம் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அம்மா என்னை அடித்திருப்பார், சபித்திருப்பார், பிறகு ஒருநாள் மன்னித்தும் இருப்பார். அந்த வழியை நீ அடைத்துவிட்டுப் போனாய். உன் காரியத்தன்று அம்மா வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு குடுக்கத்தான் போனா, சாமி சேர விடல" என்று அழுதார். பெரியம்மா என் தலையைத் தடவி, "தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். போன வாரம்கூட அம்மா புது வீட்டு ஓனரம்மாவிடம் இதே கதையைச் சொன்னார்.

சென்ற மாதம் ஆபீசில் எல்லாருக்கும் மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். இந்த முறை உண்மையாகவே ஊசி குத்தினார்கள், வலித்தது. ரிப்போர்ட்டைப் புரட்டிய டாக்டர் சின்ன வயசுப் பெண், தமிழ்ப் பெண்தான். "நாற்பதுக்குக் கிட்ட வந்துட்டீங்க, ஆனா கிட்னி ரெண்டும் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குக்கா" என்றாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். சரி என்றேன். நிறையக் குடிக்கிறேன் அண்ணே. இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன.