உத்தரவு கேட்காத தாம்பாளம்

பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கை முழுக்கப் பித்தளை நாற்றம். இந்த நாற்றத்தோடு நீயும் வந்துவிடுகிறாய்.

சின்ன வயதில் இந்தத் தாம்பாளத்துக்குப் பின்னால் நாம் ஓடியிருக்கிறோம். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பு, வெற்றிலை பாக்கும் மாலையும் வைத்துக் கோயில் கமிட்டித் தலைவர் இதைத் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு எடுத்துப்போவார். செருப்பை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, "தொர உத்தரவு குடுத்தா கரகம் பாலிச்சுத் திருவிழாவத் தொடங்கிருவோமுங்க" என்பார். முதல் மாலை துரைக்கு. அடுத்ததுதான் ஆத்தாவுக்கு. நமக்கு ஆளுக்கொரு டொபி மிட்டாய் கிடைக்கும். அதற்காகவே நீ முண்டியடித்து முன்னால் நிற்பாய்.

பிறகு ஹட்டனில் ஒரு வக்கீல் ஆபிசில் டைப் அடிக்கப் போனாய். மாலை பஸ்ஸில் இருவரும் நசுங்கிக்கொண்டு வரும்போதும் உனக்குச் சட்டப் பேச்சுதான்.

"இந்தியாவுல சாமியும் ஒரு ஆளுடி. அது பேருல காணி இருக்கலாம், கேஸ் போடலாம். சட்டத்துக்கு அது எப்பவும் மைனர். அதுக்காக யாராச்சும் பேசணும், அவ்வளவுதான்."

"இங்க, இலங்கையில?"

"இங்க கோயில் சொத்துன்னா தர்மகர்த்தாதான் பொறுப்பு. நம்ம ஆத்தாவுக்கு ஏது சொத்து? அவளும் நம்மள மாதிரி தோட்டம் குடுத்த லய வீட்டுலதான் குடியிருக்கா."

முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். நாம் இன்னும் சத்தமாகச் சிரித்தோம்.

கோயில் இருக்கும் மேட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை கட்டப்போவதாகத் தோட்ட முதலாளி சொன்னபோது சிரிப்பு நின்றது. கோயிலைச் சுற்றி அளவுக் கட்டைகள் அடித்தார்கள். அன்று கமிட்டிக் கூட்டத்தில் நீ எழுந்தாய்.

"இது தனியார் தோட்டம், அரசாங்கக் காணி இல்ல. நம்ம எடம்னு யாருக்கும் கட்டுப்படாம பத்து வருசம் ஆண்டிருந்தா கோர்ட்டுல கேக்கலாம். நாம தலமொறையா ஆள்றோம். ஆனா வருசா வருசம் போய் உத்தரவு கேட்டு, இது ஒங்க எடம்தான்னு நாமளே சொல்லிட்டு வர்றோமே!"

"பொம்பளப் புள்ளைக்கிக் கமிட்டியில என்ன வேல?" என்றார் தலைவர்.

"கோயிலுக்குள்ள ஒக்காந்திருக்கிறதும் பொம்பளதானுங்க தலைவரே."

கூட்டமே சிரித்தது. ஆனாலும் அந்த வருடமும் தாம்பாளம் பங்களாவுக்குத்தான் போனது. கேட்காவிட்டால் மரியாதை இல்லையாம். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக்கும் இடமில்லை. சாமி கும்பிடவும் கைகட்டி நிற்க வேண்டும். இதற்குப் பெயர் மரியாதை. நான் கத்தினேன். நீ கத்தவில்லை. "மரியாதன்னு நெனச்சிக்கிட்டு காணி உறுதிப் பத்திரத்தையே எழுதிக் குடுத்துட்டு வர்றாங்கடி" என்றாய்.

அடுத்த மழைக்குள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு போனாய். திரும்பவில்லை. உனக்குக் குழி வெட்டவும் உத்தரவு கேட்டோம்.

நேற்று கோயிலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார்.

"தொர கேக்குறாரு. இந்த வருசம் ஏன் இன்னும் யாரும் வரல?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் குனிந்து தோரணக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். போய்விடுவாரோ என்று பயந்து நான் முந்திக்கொண்டேன்.

"ஆத்தா வீட்டுல வெளக்கேத்த யாருகிட்டங்க உத்தரவு கேக்கணும்? தொரைய திருவிழாவுக்கு வரச் சொல்லுங்க. எல்லாரோடயும் நின்னு கும்பிடட்டும்."

"இத அப்படியே சொல்லவா?"

அப்போது தலைவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அப்படியே சொல்லுங்க."

இது கோர்ட்டில் நிற்குமா, தெரியாது. நீ இருந்தால் சொல்லியிருப்பாய். அளவுக் கட்டைகள் அப்படியே நிற்கின்றன. ஒருவேளை நாம் ரொம்பப் பிந்தித் தொடங்கியிருக்கலாம்.

தாம்பாளத்தைக் கழுவிவிட்டேன். இந்த முறை ஒரே மாலைதான் வாங்கினோம். தாம்பாளத்தை நான் தூக்குகிறேன். கோயிலுக்கு ஏறும் வழியில் பங்களாவுக்குப் பிரியும் பாதை வரும். அங்கே நிற்காமல் நடக்க வேண்டும்.