பெட்ரோல் நேரம்

மச்சான், இன்று காலை அக்கா என் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தாள். பெட்டிக்குள் அள்ளிப்போட்ட உடைமரக் கரி ஈரமாக இருந்திருக்க வேண்டும், பிடிக்காமல் புகைந்தது. புகை வீடெங்கும் பரவியதும் அக்கா விசிறியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். வாயாடி என்று நீங்கள் பட்டம் கட்டிய நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வேலை முடிந்து நீங்கள் வரும்போது உங்களுக்கு முன்னால் வாசலில் நுழைகிற வாசனை அது. உங்கள் தலைமுடியில் ஏறி உட்கார்ந்து, எவ்வளவு சோப்புப் போட்டாலும் இறங்காமல், டிக்கெட்டு எடுக்காமல் நம் வீடுவரை வந்த வாசனை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழனுக்கு பஸ் ஓட்டினீர்கள். உலகச் சண்டையினால் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் உங்கள் முதலாளி வண்டியின் முதுகில் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டிவிட்டார். அதில் கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டி ஓட வேண்டும். முதன்முதலாக அதை வீட்டுப் பக்கம் கொண்டுவந்தபோது, நீங்கள் தண்ணீர் குடிக்கிற இடைவெளியில் சாக்கட்டியால் அந்த உருளையில் ‘சூடான இட்லி தயார்’ என்று எழுதிவைத்தேன். சாயங்காலம் சிரிப்பை அடக்க மாட்டாமல் வந்தீர்கள்.

“ஏ கழுத, நீதான எழுதுனது? வீரசோழன்ல ஒரு பாய் வண்டிய மறிச்சு, சட்னி இருக்கான்னு கேக்குறாரு.”

“நீங்க என்ன சொன்னீக மச்சான்?”

“சட்னி அடுத்த பஸ்ல வருதுன்னேன்.”

அக்காவுக்குப் புரை ஏறும் வரைக்கும் மூன்று பேரும் சிரித்தோம். கொழுந்தியாள் என்றால் கேலி பேச உரிமை உண்டு. அந்த உரிமைக்குச் சரியான எதிர்க்கட்சி நீங்கள்தான்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். கரி வந்த நாளில் நிற்கவில்லை. கரி வந்த பிறகும் நேரம் மாறாமல் நின்றதே, அதில்தான் நின்றுபோனது.

முதலாளியின் ஷெட்டு வாசலில் ஒரு கரும்பலகை. திருச்சுழிக்கு இத்தனை மணி, வீரசோழனுக்கு இத்தனை மணி என்று அதில் எழுதியிருக்கும். பெட்ரோலில் பறந்த காலத்தில் எழுதிய நேரம் அது. கரி வண்டியோ கண்மாய்க் கரை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். எல்லாரையும் இறக்கி நடக்க விட வேண்டும். வழியில் நிறுத்திச் சாம்பலைக் கிளற வேண்டும், கரி போட வேண்டும். பெட்ரோல் போய்விட்டது, பெட்ரோல் நேரம் மட்டும் பலகையை விட்டுப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை உங்கள் உடம்பைப் போட்டு நிரப்பச் சொன்னார்கள்.

முதலாளி சங்கிலி கட்டிய கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். வண்டி கரியைத் தின்னும், அவர் உங்களைக் கரித்துக் கொட்டுவார். “என்னப்பா, ரெட்டியபட்டி மாட்டு வண்டி வந்து சோறு தின்னுட்டுத் திரும்பிப் போயிருச்சு, நீ இப்பத்தான் வாரியா?” இறங்குகிற சனங்கள் சிரிக்கும். சிரித்தவர்களில் கரையில் இறங்கி நடந்து வந்தவர்களும் உண்டு. நான் ஒருநாள் கூட்டத்தில் நின்று இதைக் கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்து, துண்டால் கைக்கரியைத் துடைத்துக்கொண்டே நின்றீர்கள்.

“திருப்பி ரெண்டு குடுக்க வேண்டியதுதான மச்சான்? என்கிட்ட மட்டும் அந்த வாய் பேசுறீக.”

“ஒன்கிட்ட பேசுனா ஒங்கக்கா சோறு போடுவா. அவருகிட்ட பேசுனா சோறே போயிரும்.”

அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அந்தச் சோற்றையே நீங்கள் தின்னவில்லையே. பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவீர்கள். நெஞ்சு எரிகிறது என்றீர்கள். தூக்கத்தில் உங்கள் வலது கால் சுவரை மிதிக்கிறது என்று அக்கா சொன்னாள். கனவிலும் வண்டி முக்குகிறது போல. தலை சுற்றுகிறது என்றபோது, “திருச்சுழி போற வண்டி, சுழியாம என்ன செய்யும்” என்றேன். அதற்கு லேசாக உதடு மட்டும் அசைந்தது. விளக்குத் திரியைத் தூண்டச் சொன்னால் அதை எண்ணெய்க்குள் விழ விட்டுவிடுவீர்கள்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம், கொஞ்ச நாள் வண்டியைத் தொடாதே என்றார். அதை முதலாளியிடம் போய்ச் சொன்னீர்கள். அவர் என்ன சொன்னார் என்பதை அக்கா கேட்டுக் கேட்டுத்தான் உங்கள் வாயிலிருந்து வாங்கினாள்.

“ஓய்வா? உக்காந்துக்கிட்டுத்தானப்பா வேல பாக்குற?”

மச்சான், இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் கொதிக்கிறது. மூட்டை தூக்கினால்தான் பாரமா? மனிதன் காலையிலிருந்து சாயங்காலம் வரை பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தால் அது உடம்புக்குக் கணக்கில்லையா? முதலாளியும்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் உட்கார்ந்தால் சதை போடுகிறது, நீங்கள் உட்கார்ந்தால் எலும்பு தெரிந்தது.

நான் நிஜமாகவே பயந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் போதகர் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போனார். நீங்கள் சன்னல் வெயில் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு, “மணி என்ன இருக்கும், மணி என்ன இருக்கும்” என்று முணுமுணுத்தீர்கள். வண்டி ஓடாத நாள் அது. வெளியே வந்ததும் உங்களைச் சிரிக்க வைக்க, “பிரசங்கம் இன்னிக்கு லேட்டு மச்சான், கண்மாய்க் கரையில கரி தீந்துபோச்சாம்” என்றேன். நீங்கள் திரும்பி என்னை யாரோ போலப் பார்த்தீர்கள். “எவ்வளவு லேட்டு?” என்று கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் நெடுநாள் இருக்கவில்லை. நடுப்பகலில் திருச்சுழியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆட்கள் எல்லாரும் இறங்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தீர்களாம். அசந்து தூங்குறாக, தூங்கட்டும் என்று கண்டக்டர் உங்களை எழுப்பவில்லையாம். அன்றைக்கு வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்று அவரே அழுதுகொண்டு சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் சனங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே. பயந்த சுபாவம் என்றார் ஒருவர். நெஞ்சு லேசு என்றார் இன்னொருவர். கண்ணு பட்டிருச்சு என்றாள் ஒரு கிழவி. முதலாளி மாலையோடு வந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ன செய்ய, தங்கமான பய. அவனுக்கு நேரம் சரியில்ல” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கொன்றவன் கையில் இருக்கும் கத்தியைப் பார்க்காமல், செத்தவனுக்கு ரத்தம் கெட்டி இல்லை என்று பேசுகிற ஊர்.

இனி நீங்கள் அறியாத கதை. மாதம் ஒன்று முடிவதற்குள் முதலாளி நம் வீட்டுக்கு வந்தார். பந்தல்குடியில் கரிவாயுவில் ஓடும் பருத்தி லாரி ஓட்டுகிற என் அண்ணனை உங்கள் இடத்துக்குக் கேட்டு வந்தார். அன்று வீட்டில் இருந்த அண்ணனுக்கு ஆசைதான், லாரியில் தினம் வேலை இல்லை. அவன் சரி என்று வாயெடுத்துவிட்டான். அதே சீட்டு, அதே பலகை. எதையாவது சொல்லிக் கெடுக்க வேண்டும் என்று தவிக்கிறேன், ஒரு குறும்பும் வாயில் வரவில்லை.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். முதலாளிக்கு முன்னால் அவள் நின்று பேசி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

“முதலாளி, அன்னிக்கு அவுகளுக்கு நேரம் சரியில்லன்னு சொன்னீகள்ல?”

“ஆமா தாயி. தலையெழுத்து, யாரு மாத்த முடியும்?”

“நாங்க ஏசுவக் கும்புடுற வேதக்காரவுக. நல்ல நேரம், கெட்ட நேரமெல்லாம் பாக்குறதில்ல. எங்களுக்குத் தெரிஞ்ச நேரம் ஒங்க பலகையில எழுதிப் போட்டிருக்குற நேரம் ஒண்ணுதான். அதுதான் சரியில்லன்னு நீங்களே சொல்லிட்டீக. சரி பண்ணி எழுதுங்க. பெறகு எந்தம்பி வாரான்.”

வார்த்தையைப் புரட்டி விளையாடுகிறவள் நான். அக்கா விளையாடவில்லை மச்சான். முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அக்காவைப் பார்த்தான். “அக்கா சொன்னா சொன்னதுதான் முதலாளி, எழுதுனா வாரேன்” என்றான். அந்தக் கரி உருளையோடு மல்லுக்கட்டத் தெரிந்த டிரைவர் அருப்புக்கோட்டை டவுனில் வேறு யாரும் கையில் சிக்கவில்லை போலிருக்கிறது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, பாப்பம்” என்று போனார்.

மறுநாளே மாற்றிவிட்டார். ஈரத்துணியால் துடைத்தார், சாக்கட்டியால் எழுதினார், கையை வேட்டியில் தட்டிக்கொண்டார். முடிந்தது. வானம் இடியவில்லை. வீரசோழன் வியாபாரிகள் ஒருவர்கூட ஏன் வண்டி பிந்துகிறது என்று கேட்கவில்லை. புது நேரமே பழைய நேரம் போல ஊருக்குப் பழகிவிட்டது.

இதுதான் எனக்குச் செரிக்கவில்லை. உங்களைக் கொன்றது காலராவோ பாம்போ என்றால் அழுது தீர்த்திருப்பேன். ஒரு ஈரத்துணிக்கு அழிகிற எழுத்து அது. அதை அழிக்க யாருக்கும் கை வரவில்லை, உங்களை அழித்த பிறகுதான் வந்தது.

அண்ணன் இப்போது திருச்சுழியில் வண்டியை நிறுத்திவிட்டு, கை கழுவி, மரநிழலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறான். மிச்சம் வைப்பதில்லை. ராத்திரி படுத்தால் குறட்டை தெருமுனை வரை கேட்கிறது. கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக வருகிறது. வந்த வேகத்தில் அது கோபமாகிவிடுகிறது. தணிக்கச் சொல்லாதீர்கள். அவன் சாப்பிடுகிற அந்த நேரம் உங்களுடையது மச்சான்.