பத்தாம் பாடம்

ஆனி 9, செவ்வாய்.

நாகமலைப் புதுக்கோட்டையில் செல்வத்தின் பதிப்பகம் இன்று காலியானது. பெரியவர்கள் தமிழ் எழுதப் படிக்கப் புத்தகம் போட்டவன். பள்ளிக்கூடம் போகாத நான் படித்துப் புரிந்தால்தான் அச்சுக்கு அனுப்புவான். அவன் முதல் புத்தகத்தில்தான் எழுத்தே கற்றேன். அப்போது என்னிடம் ஏழு ஆடுகள். அது வேறு கதை.

கடைசிப் புத்தகம் கட்டுக்கட்டாகத் திரும்பிவிட்டது. பத்தாம் பாடத்தைத் தாண்ட யாராலும் முடியவில்லையாம்.

"அண்ணே, உங்களுக்கே புரிஞ்சுச்சு. மத்தவுகளுக்கு ஏன்ணே புரியல?"

விடிய விடியக் கதை சொல்கிற வாய் எனக்கு. குனிந்து புத்தகக் கட்டுகளை எண்ணினேன். அச்சுக்கு முன்னால் பத்தாம் பாடத்தை எனக்குப் படிக்கக் கொடுத்த அன்று, அவனோடு வாத்தியார்களும் உட்கார்ந்திருந்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு, "புரியுதுப்பா" என்றேன்.

"இத நீங்க வச்சுக்கங்கண்ணே" என்று ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தான்.

இப்போது மூன்று தடவை படித்துவிட்டேன். பத்தாம் பாடம் இன்னும் புரியவில்லை.