கல்லுப்பட்டிக்குப் போக வேண்டிய அட்டிகை

மதினி,

காலையில் புது ஷாம்பு பாட்டிலைத் திறந்தேன். பூந்திக்கொட்டை வாசனை. தலையில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். நம் வீட்டு மரகத அட்டிகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுப்பீர்களே, அந்த வாசனை. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து அட்டிகை என் பீரோவில்தான் இருக்கிறது. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஜமீன் போய், அரண்மனைக் கூரையும் சரிந்து, நாமெல்லாம் ஆரப்பாளையத்து வாடகை வீடுகளுக்கு வந்த பிறகு மிஞ்சியது அது ஒன்றுதான். எவ்வளவு இல்லாதப்பட்ட பங்காளி வீடானாலும், அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தாலி ஏறும்போது கழுத்தில் அது இருக்க வேண்டும். மூத்த மருமகள்தான் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். கழற்றும்வரை பந்தியில் உட்காரக் கூடாது. ராணிகள் போட்ட நகையை நீங்கள் வயர்கூடையில் கறிவேப்பிலைக்கு அடியில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுபோனீர்கள். துணைக்கு நான். கண்டக்டர் கூடையைக் காலால் தள்ளும்போதெல்லாம் எனக்கு உயிர் போய்வரும். நீங்கள் பாட்டுக்கு ஜன்னலில் வேடிக்கை பார்ப்பீர்கள்.

செல்லூர்க் கல்யாணத்தில் மழை. மாப்பிள்ளை வீட்டார் அவசர அவசரமாகப் பெண்ணை வேனில் ஏற்றிவிட்டார்கள், அட்டிகையோடு. அண்ணன் மண்டபம் அதிரக் கத்தினார். நீங்கள் போய் இலையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பொண்ணையே குடுத்தாச்சு. கல்லக் குடுக்க என்ன பயம்? பசிக்குது, வந்து உக்காருங்க."

மறுநாள் அந்தப் பெண்ணே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தாள்.

இப்போது அண்ணன் அதை அறுத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வோம் என்கிறார். நாளைக் காலை ஆசாரி வருவதாக ஏற்பாடு. ஆசை பிடித்துவிட்டது இவருக்கு என்று சண்டைபோடத்தான் இன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அவ பூட்டுன நகைய இன்னொருத்தி பூட்டி நான் பாக்கணுமாடா? அறுத்துப் போட்ரு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. சண்டை போடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் கல்லுப்பட்டிப் பங்காளியிடமிருந்து போன். "அண்ணே, வெள்ளிக்கெழம பாப்பாவுக்குக் கல்யாணம். மதினி இல்லாத நேரத்துல கேக்கக் கூடாதுதான். அட்டிகை வருமான்னு புள்ள அம்புட்டுத் தடவ கேட்டுருச்சுண்ணே."

யோசிக்கவே இல்லை மதினி. "நானே எடுத்துட்டு வாரேன்டா" என்று சொல்லிவிட்டேன். ஆசாரியையும் வர வேண்டாம் என்றேன். உங்களுக்கு அடுத்து என் வீட்டுக்காரிதான் பூட்ட வேண்டும். இப்போதே பூந்திக்கொட்டையை ஊறப் போட்டுவிட்டாள்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவரையும் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகத்தான் போகிறேன். கத்தினால் வாங்கிக்கொள்வேன், எனக்குப் பழக்கம்தான். ஆனால் மணவறை முன்னால் அவர் அழுதுவிட்டால்? அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை. அப்போது அவரை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும், மதினி.