காபியில் சர்க்கரை போட்டவர்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. மாதாப்பூரில் மழை பெய்தால் கார்கள் நகராது. மகள் வீட்டு மாடியிலிருந்து பார்க்க, யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன பொம்மைகள் மாதிரி.

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம். டாக்டருக்குத் திருப்தி. எனக்கும். மகள் வித்யாவுக்கு மட்டும் இல்லை. செகந்திராபாத்தில் இருக்கும் என் மெட்டுகுடா வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன்.

"பாக்கலாம்மா."

குளியலறையில் விழுந்தது நான். அடிபட்டது தனக்கு என்பதுபோல நடந்துகொள்கிறாள்.

நல்ல செய்தி: மாப்பிள்ளை கிரண் என் வீட்டிலிருந்து வி.சி.ஆரையும் ஒரு பை கேசட்டையும் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, ஏதோ வயர் வாங்கி, இவர்களுடைய சுவரளவு டிவியில் மாட்டிவிட்டார். 'துப்பறியும் நீலமேகம்', கிட்டத்தட்ட முழுத் தொடர். அந்தக் காலத்தில் சென்னை நிலையம் இங்கே எடுக்காது. அக்கா அங்கே பதிவு செய்து, ரயிலில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். விளம்பரம் வந்தால் நிறுத்திவிடுவாள். மறுபடி போட மறந்துவிடுவாள். அதனால் சில கொலைகளுக்குக் காரணம் கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். மூன்று எபிசோட். கவனித்தவை:

– சென்னை வெயிலில் நீலமேகத்துக்கு (இனி நீ.மே.) மழைக்கோட்டு. மழை வந்த எபிசோடில் கோட்டு இல்லை.

– சொந்த மீசைமேல் ஒட்டு மீசை. மாறுவேடம் அவ்வளவுதான். மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை.

– எல்லாப் பணக்காரர் வீட்டிலும் ஒரே சோபா.

– நேற்றைய எபிசோடில் குத்துப்பட்டுச் செத்த ஜமீந்தார் இன்று மூன்றாவதில் தோட்டக்காரர். கண்டுபிடித்தவர் கிரண். "அத்தம்மா, ஈயன நின்ன சச்சிபோயிண்டு கதா!" நேற்றுச் செத்தவர்தானே என்கிறார். கல்லூரியில் காலமெல்லாம் சரித்திரம் நடத்தியவள் நான். செத்தவர்கள் வேறு சட்டையில் திரும்பி வருவது எனக்குப் புதிதல்ல.

மதியம் வித்யா (வி.) தன் ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மறுபடி இதேவாம்மா? ஒரே சீரியலத் திரும்பத் திரும்பப் பாக்கறது ஒரு சிம்ப்டமாம். படிச்சேன்."

"எதோட சிம்ப்டம்?"

"வயசோட."

"நீ தினம் காலையில அதே மீட்டிங்ல அதே ஆளுங்களோட உக்கார்றியே, அது எதோட சிம்ப்டம்?"

கிரண் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இப்போது எத்தனையோ நல்ல க்ரைம் தொடர் இருக்கிறதாம். ஒன்று போட்டுக் காட்டினாள். துப்பறிகிறவனுக்கு விவாகரத்து, தூக்கமின்மை, அப்பாவிடம் கோபம். கொலை செய்தவன் அவனைவிட நிம்மதியாக இருந்தான். நீ.மே.க்கு ஒரு கோட்டு, ஒரு பைப். துக்கமெல்லாம் குற்றவாளிக்கு.

பழைய ஞாபகத்துக்காகப் பார்க்கிறேன் என்று நினைக்கிறாள். இல்லை. அப்போதும் மட்டமான தொடர், இப்போதும் மட்டமான தொடர். இத்தனை வருடத்தில் தன் தரத்தை மாற்றிக்கொள்ளாத வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஜூலை 9, புதன்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

இன்று பிடிபட்ட விதி: காபி கொண்டுவருகிறவர்தான் கொலையாளி. ஒரு விலக்குகூட இல்லை. தூணுக்குப் பின்னால் நின்று முறைப்பவர் எப்போதும் நிரபராதி. காரணம் எளிது. தொடருக்குப் பணம் இல்லை. சும்மா ஒருவருக்குக் காபி கொடுக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

காலைக் காபியில் சர்க்கரை. வி. கலந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சர்க்கரை கிடையாது. டப்பாவே என் கைக்கு எட்டாத அலமாரியில். தம்ளர் மாறிவிட்டது என்று நினைத்தேன். சொல்லாமல் குடித்தேன். நேர்மைக்கும் ஓர் அளவு உண்டு.

ஜூலை 10, வியாழன்

மறுபடியும் சர்க்கரை. தம்ளர் மாறவில்லை.

சாயங்காலம் டபுள் கா மீட்டா, ரொட்டித் துண்டை வறுத்துச் செய்கிற இந்த ஊர் இனிப்பு. நெய் மிதந்தது.

"உனக்குப் பிடிக்குமேம்மா."

"டாக்டர்?"

"ஒரு நாள்ல என்ன ஆயிடும்? சாப்பிடு."

போன வாரம் பாதி மாம்பழத்துக்கு ஒரு சொற்பொழிவு நடத்தியவள். சாப்பிட்டேன். பிரமாதம்.

கடைசிக் கேசட்டுகள் என் பீரோவில் இருக்கின்றன. எடுத்துவர வீட்டுச் சாவி வேண்டும் என்று கிரணிடம் கேட்டேன். டிவியையே பார்த்தார். டிவி ஓடவில்லை.

"சாவி வித்யாகிட்ட, அத்தம்மா."

"எங்கயோ வெச்சேன்மா. தேடறேன்" என்றாள் வி. தேடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். சரோஜா போன் செய்தாள். மெட்டுகுடாவில் எதிர்வீடு. நான் விழுந்த அன்று ஆளைக் கூட்டிவந்து கதவை உடைத்தவள்.

"என்னா டீச்சர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீட்ட வாடகைக்கு விடறீங்களாமே. ஊரே பேசுது."

"எந்த ஊர்?"

"நம்ம சந்துதான். உங்க மாப்ள காரு வந்து நின்னிச்சி. ஒரு ஆளு உள்ள போயி பாத்ரூம் குழாயெல்லாம் திருகிப் பாத்தாரு. கைக்கு, எதுக்குன்னு கேட்டேன். வீடு பாக்க வந்தேன்றாரு!"

"கார்ல யாரு?"

"மாடிலேருந்து பாத்தேன். காரு தலதான் தெரிஞ்சிச்சி."

போனை வைத்தேன். சந்தேகம் கிரண்மேல். கார் அவருடையது. என் வீட்டுக்கு வி.சி.ஆர். எடுக்கப் போனவர் அவர். இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ.மே.யாக இருந்தால் முதல் விளம்பரத்துக்கு முன்னால் கைவிலங்கு.

பிறகு விதி ஞாபகம் வந்தது. முறைப்பவர் நிரபராதி.

காபி யார் கொடுத்தது?

இன்று நீ.மே. பார்க்கவில்லை.

ஜூலை 12, சனி

காபி. சர்க்கரை. குடிக்காமல் வைத்துவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

செகந்திராபாத்தில் போனாலு, அம்மனுக்குப் போனம் என்கிற சோற்றுப் பானை எடுக்கிற திருவிழா. இங்கே ஒரு தப்பட்டைச் சத்தம்கூட இல்லை. லிப்ட் மட்டும் சத்தம் போட்டது.

இட்லிக்குப் பிறகு இரண்டு பேரையும் ஹாலுக்கு வரச் சொன்னேன். ஜன்னலைச் சாத்தினேன்.

"என்னம்மா இது?"

நீ.மே. குரலில் சொன்னேன்: "என் வீட்டை வாடகைக்கு விடப் பார்த்தவர் இந்த ஹாலில்தான் இருக்கிறார்."

கிரண் எழுந்துவிட்டார். "அத்தம்மா, நேனு காது…"

"உக்காருங்க. நீங்க இல்லைன்னு தெரியும். நீங்க எனக்கு ஒரு நாளும் காபி போட்டதில்ல."

வி. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தொடரில் எல்லாக் குற்றவாளியும் இதைத்தான் செய்வார்கள். மட்டமான நடிப்பு என்று இத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன். வாபஸ்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"சர்க்கரை."

சிரித்தாள். அது வேறொன்றாக மாறியது.

"நீ விழுந்த அன்னிக்கு சரோஜா ஆன்ட்டி எத்தனை தடவ கூப்பிட்டாங்க தெரியுமா? போன் சைலன்ட்ல. ஒரு ஸ்லைடுக்கு நீலமா பச்சையான்னு பேசிட்டு இருந்தோம். நீ அங்க தரையில கெடந்த."

"கெடந்தேன். அதுக்கு ஏன் என் வீட்டுக்குத் தண்டனை?"

"எனக்குத் தூக்கமே வரலம்மா."

குற்றவாளி பேசி முடித்ததும் நீ.மே.க்குத் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும், தப்பித்துவிடுவார். எனக்கு ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. கட்டுப் பிரித்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு சொன்னேன். குளியலறையில் கைப்பிடி போடலாம், சம்மதம். கைப்பிடி யோசனை சொல்லாது. சரோஜாவிடம் ஒரு சாவி, சம்மதம். காலையும் ராத்திரியும் போன், சம்மதம். ஆனால் போகிறேன்.

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா என் வீட்ல விழறேன்."

"உங்கிட்ட பேச முடியாதும்மா."

"ஹவ். ஆமா, முடியாது."

எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்தாள். மேல் அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்ததாம். வீடு பார்த்த ஆள் நாளைச் சாயங்காலம் மறுபடி வருகிறாராம். வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"வரட்டும். நானே சொல்றேன்."

ஜூலை 14, திங்கள்

மேகம். மழை இல்லை. மெட்ரோ. ஒரே வண்டி, எங்கும் மாற வேண்டாம். கிரண் லீவு போட்டுவிட்டு வி.சி.ஆரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனில் பையைச் சோதிக்கிற பெண் நிறுத்திவிட்டாள்.

"யே க்யா ஹை?"

"வி.சி.ஆர்."

"வோ க்யா ஹோதா?" அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

மேலதிகாரியைக் கூப்பிட்டாள். நரைத்த தலை. ஸ்கிரீனைப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஜானே தோ, ஜானே தோ", போகட்டும் விடு என்று அவரே பையை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் ஈர நெடி. ஜன்னலெல்லாம் திறந்தேன். சரோஜா வாசலிலேயே: "வந்துட்டீங்களா டீச்சர்! நேத்து போனம் எடுத்தப்ப வேண்டிக்கிட்டேன்." பின்பு கிரணைப் பார்த்து, "இவருதான அந்தக் கார்க்காரரு?" கிரண் குளியலறைச் சுவரை அளக்கப் போய்விட்டார். கைப்பிடி புதன்கிழமை. சாயங்காலம் கிளம்பும்போது, கடைசிக் கேசட்டை நான் மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வி. போன் செய்தாள். காபி குடித்தாயா என்றாள். சர்க்கரை இல்லாமல் என்றேன். அவள் பக்கம் பெருமூச்சு. நல்ல பெருமூச்சுதான்.

இருட்டுவதற்கு முன் வீடு பார்க்கிறவர் வந்தார். ரயில்வேக்காரர், மாற்றலாகி வந்திருக்கிறார். மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டார். உள்ளே ஏற்கெனவே பார்த்த நீ.மே. ஓடிக்கொண்டிருந்தது, எல்லாரையும் ஹாலில் உட்காரவைக்கிற கட்டம். இவரையும் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். "ஆன்ட்டி, சக்கர் நஹீ?"

"நஹீ. மகான் பி நஹீ." சர்க்கரையும் இல்லை, வீடும் இல்லை.

தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. டிவியைப் பார்த்தபடி தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கேட்டுவிட்டார். கொலை செய்தது யார்?

"காபி கொடுத்தவள்" என்றேன் அவருக்குப் புரிகிற இந்தியில்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.